மரமா, பளபளப்பா என்று கேட்டாய்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாய். பெங்களூரில் நீயும் காவ்யாவும் வாங்கியிருக்கிற புது வீட்டின் சமையலறைக்கு என்று. ஒன்றில் தேக்குக் கதவு போட்ட அலமாரிகள். இன்னொன்றில் ஹை கிளாஸி என்கிறார்களே, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிற கதவுகள். "அப்பா, நம்ம ஊட்டுல பளபளப்புத்தான போட்டீங்க? உங்களுக்குத்தான் அனுபவம். மரமா, அதுவான்னு சொல்லிருங்க. புதன்கிழமைக்குள்ள ஆர்டர் குடுக்கோணும்" என்று பேசியும் அனுப்பியிருந்தாய். நானும் பதில் பேசிப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்து அழித்தேன். மறுபடி பேசி மறுபடி அழித்தேன். போனை எடுத்தாலே என் வாய் பொய் சொல்லப் பழகிவிட்டது. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் புதன்கிழமை தாண்டிவிட்டது, தெரியும். இதை நீ படித்து முடித்ததும் காவ்யாவிடம் கொடு. அவளும் அவசியம் படிக்க வேண்டும். பெற்றவர்களை ஊரில் விட்டுவிட்டு, அவர்கள் போனில் சொல்வதை அப்படியே நம்புகிற உன் சிநேகிதர்கள் யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும். எனக்கு இனிமேல் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நான் முப்பத்தோரு வருஷம் ஏற்காட்டில் லாட்ஜ் மேனேஜராக இருந்தவன். வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு உட்கார வைப்பதுதான் அந்த வேலை என்று நீ நினைத்திருப்பாய். குறையை மறைப்பதுதான் அந்த வேலை. மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை படர்ந்தால் அதன் மேல் ஏரிப் படத்தைக் கொண்டுபோய் மாட்டுவேன். தலையணையில் கறை இருந்தால் அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பிப் போடுவேன். ஹீட்டர் காலையிலேயே கெட்டுப்போயிருக்கும். சுடுதண்ணீர் கேட்டால் "அஞ்சே நிமிஷமுங்க சார், வந்துரும்" என்பேன். ஒருநாள் தங்கிவிட்டுப் போகிறவர்களிடம் இது செல்லும். அதே வித்தையை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்தேன். உன்னிடமும் செய்தேன். உன் அம்மாவிடமும் செய்தேன்.

உன் அம்மா பள்ளிக்கூட ஹாஸ்டல் மெஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் பொறுப்பில் இருந்தவள். முந்நூறு பிள்ளைகளுக்கு மூன்று வேளை. ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ள மாட்டாள். எந்த மூட்டையில் எவ்வளவு துவரம்பருப்பு மிச்சம், எந்தப் பையனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, எல்லாம் மனசில். நம் வீட்டு அடுப்படி உனக்கு ஞாபகம் இருக்கும். சிமெண்டுப் பலகை, அதற்குக் கீழே பழைய சேலையில் தைத்த திரை. அவள் திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டினால் கடுகு டப்பா கையில் வந்து உட்காரும். அப்படிப்பட்டவள் ஒருநாள் தயிர்சாதத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்புறம் ஒருநாள் சாவிக்கொத்து அரிசிக்குள் கிடைத்தது. அதன் பிறகு பஜாருக்குப் போனவள் வீட்டுக்கு வராமல் வேறொரு ஜீப்பில் ஏறி மஞ்சக்குட்டையில் போய் இறங்கி நின்றிருக்கிறாள். ஜீப்காரர் தெரிந்தவர். அவரே திருப்பிக் கூட்டிவந்து விட்டார். "ஏனுங்க சார், அம்மா எங்க போகோணும்னு கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குது. அழுவாத கொறையா நின்னுட்டு இருந்துச்சுங்க" என்றார். நான் கொஞ்சமும் தயங்காமல், "அங்க ஒரு சொந்தக்காரங்களப் பாக்கப் போயிருப்பா" என்று சொல்லி அனுப்பினேன். மஞ்சக்குட்டையில் நமக்கு யாரும் கிடையாது என்று உனக்கே தெரியும்.

இதெல்லாம் உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். காவ்யா வீட்டில் ஏறக்குறைய சரி என்று சொல்லியாகிவிட்டது. வீடு பார்க்க வருகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். இந்த நேரத்தில் அம்மாவுக்கு ஞாபகம் தவறுகிறது என்று ஒரு டாக்டரிடம் போய், அது எப்படியோ வெளியே தெரிந்து, 'வம்சத்துல ஓடற வியாதியா' என்று அவர்கள் கேட்டுவிட்டால் என்ன செய்வது? இதுதான் என் பயம். அதனால் வயசு என்று சொல்லிக்கொண்டேன். தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயோ, "அவங்க வர்றதுக்குள்ள அடுப்படிய மாத்திருங்கப்பா, அம்மா இத்தன நாள் குனிஞ்சு நிமுந்தது போதும்" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய்.

சித்திரையில் நானும் அம்மாவும் சேலத்துக்கு இறங்கி ஒரு ஷோரூமுக்குப் போனோம். உள்ளே போனதும் எனக்குக் கண் நிலைகொள்ளவில்லை. அரக்கு நிறத்தில் ஒரு சமையலறை மாதிரி வைத்திருந்தார்கள். கதவுகளில் மேலே எரிகிற விளக்கெல்லாம் தெரிந்தது. கைப்பிடியே கிடையாது. லேசாக அழுத்தினால் திறந்துகொள்கிறது, மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்கிறது. நான் ஒரு கதவை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தேன். அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. மூலையில் மரத்தில் செய்த ஒரு அலமாரி இருந்தது. அதன் கதவை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, இது போதுங்க" என்றாள். கடைக்காரர் எங்கள் ஊரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "மலை மேலயா? வேண்டாங்கம்மா. அந்த ஈரத்துக்கு மரம் ஊறிக் கதவு சேராது. பூஞ்சணம் புடிக்கும். இதுன்னா ஈரத்துணி வெச்சு ஒரு தொடை தொடச்சா முடிஞ்சுதுங்க." அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆறு மாசம் மேகம் வீட்டுக்குள் வந்து உட்காருகிற ஊர் நம்முடையது. அந்த நியாயம் எனக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் ஈரத்தை நினைக்கவில்லை. சம்பந்தி வீட்டார் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும்போது அவர்கள் முகம் எப்படி மாறும் என்பதைத்தான் நினைத்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில், வளைவில் திரும்பும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள். "மரம்னா கைக்குத் தெரியுமுங்க. வழவழன்னு இருந்தா எல்லாம் ஒண்ணாட்டமே இருக்குது. அப்புறம், ஒவ்வொரு கதவுக்கும் வேற வேற தினுசுல கைப்பிடி வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு உருண்டையா, ஒண்ணு நீட்டமா." நான் சத்தமாகச் சிரித்தேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வர்றவங்க பாத்தா இதென்ன பழைய சாமான் கடையான்னு கேப்பாங்க புள்ள" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, ஏன் என்று. இருபது கொண்டை ஊசி வளைவு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. தான் மறக்கிறோம் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது கண்ணு. கண்ணும் மனசும் கைவிட்டாலும் கை கண்டுபிடித்துக்கொள்ளும் என்று அவளாகவே ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். அந்த வழியை நான் பஸ்ஸிலேயே சிரித்து அடைத்தேன்.

அரக்கு நிறக் கதவுகள் வந்தன. நாலு நாளில் பொருத்தினார்கள். டப்பாக்களை எல்லாம் அவர்களே உள்ளே அடுக்கினார்கள், எது எங்கே என்று அவளைக் கேட்காமல். சம்பந்தி வீட்டார் வந்த அன்றைக்கு எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. காவ்யாவின் அப்பா அடுப்படி வாசலில் நின்று, "என்னங்க இது, ஸ்டார் ஓட்டல் மாதிரி வெச்சிருக்கீங்க" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அம்மா காப்பி போட உள்ளே போனாள். பத்து நிமிஷம் ஆயிற்று, பதினைந்து நிமிஷம் ஆயிற்று. டப் டப் என்று கதவு திறந்து மூடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அவள் ஒவ்வொரு கதவாக அழுத்தி அழுத்தித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "சக்கரை எங்கீங்க? சக்கரையக் காணமுங்க" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதோரம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எல்லாரும் உக்காந்திருக்கையில என் மானத்த வாங்காத. போய் அந்தப் பக்கமா நில்லு." அவள் "சரிங்க" என்றாள். நான் காப்பியைக் கலந்து எடுத்துப்போய், "எங்க வீட்டம்மா உங்களப் பாத்துப் பதட்டப்பட்டுட்டா" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். நீயும் சிரித்தாய்.

ஆவணியில் உன் கல்யாணம் முடிந்து நீங்கள் பெங்களூர் போன பிறகு, ஒருநாள் பகல் பதினோரு மணி இருக்கும், அம்மா அடுப்படியிலிருந்து வேகமாக வந்து என் பக்கத்தில் நின்றாள். குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, அந்தம்மா யாருங்க? நம்ம அடுப்படியில நின்னுட்டு இருக்குது. கேட்டா பேச மாட்டேங்குது" என்றாள். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. கீழ்வரிசைக் கதவைக் காட்டினாள். அதில் அவளும் நானும் அரக்கு நிறத்தில் நின்றுகொண்டிருந்தோம். "அது நீதான் புள்ள, பாரு, நான் பக்கத்துல நிக்கறேன் பாரு" என்றேன். அவள் கிட்டே குனிந்து பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். "நானா? நான் இப்பிடியா இருக்கறேன்?" என்றாள். அன்றைக்குப் புரிந்துகொண்டாள். மறுநாள் மறுபடி கேட்டாள். பிறகு அந்தம்மாவுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு அலமாரிக்கு முன்னால் வைக்கத் தொடங்கினாள். "பசியோட நிக்குதுங்க, பாவம்" என்பாள். இரண்டு மாசம் போனதும் அந்தப் பரிவும் போய்விட்டது. அந்தம்மா கரண்டியைத் திருடுகிறாள், அந்தம்மா தன்னைப் பார்த்து முறைக்கிறாள் என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுப்படி வாசலோடு நின்றுவிடுவாள். நானே சமைத்தேன். பழைய செய்தித்தாளைக் கதவுகளில் எல்லாம் ஒட்டினேன். ஒட்டிய பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள். அப்போதாவது உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வருவதாகச் சொன்னீர்கள், தலைப்பொங்கல். நீங்கள் வருவதற்கு முதல் நாள் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை எல்லாம் கிழித்தேன். பசை போகத் துடைத்தேன், கடைக்காரர் சொன்ன மாதிரி ஈரத்துணியால். அம்மா வாசலில் நின்று, "வேண்டாங்க, அது வந்துருமுங்க, வேண்டாங்க" என்று கெஞ்சினாள். மூன்றே நாள்தானே, பொறுத்துக்கொள் என்றேன். நீங்கள் இருந்த வரைக்கும் அவள் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். காவ்யா பொங்கல் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அவளைப் பார்த்ததும் அம்மா அலறினாள். "நீதான அது, போ, என் ஊட்ட உட்டு வெளிய போ" என்றாள். காவ்யா கையிலிருந்த தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்து, வராந்தாவில் நின்று அழுதாள். நீ என்னிடம் வந்து கேட்டாய். "ஏனுங்கப்பா, அம்மாவுக்குக் காவ்யாவப் புடிக்கலீங்களா?" அந்த நிமிஷத்தை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் சொன்னது இதுதான். "அவ கொஞ்சம் பிடிவாதக்காரி சாமி. போகப் போகச் சரியாயிரும்."

நீங்கள் ஒருநாள் முன்னதாகவே கிளம்பிவிட்டீர்கள். அந்தப் பொங்கல் போய் இன்னொரு பொங்கலும் வந்து போய்விட்டது. நீ அதன் பிறகு இந்த மலை ஏறவில்லை. நான்தான் இரண்டு தடவை, அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சேலத்துக்கு இறங்கி வந்து உன்னைப் பார்த்தேன். அம்மா வரவில்லையா என்று கேட்டாய். அவள் வர மாட்டேன் என்றாள் என்றேன். உன் முகம் இறுகியதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தேன். போனில் அவள் பேசுகிறாளே என்று நீ நினைக்கலாம். சாப்பிட்டியா கண்ணு, ஒடம்பு நல்லா இருக்குதா, குளிருக்குப் போத்திக்க. இந்த மூன்றும் எந்தக் குரல் கேட்டாலும் அவள் வாயில் வரும். மெஸ்ஸில் முந்நூறு பிள்ளைகளிடம் சொன்னது. அந்த மூன்று வாக்கியத்தை வைத்துத்தான் நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். காவ்யாவிடம் சொல். காவ்யா, உன் மாமியாருக்கு உன் மேல் ஒரு கோபமும் இருந்ததில்லை. உன் கல்யாணப் பட்டுச்சேலையும் அரக்கு நிறம், அதையே அன்றைக்குக் கட்டியிருந்தாய். கதவிலிருந்து அந்தம்மா இறங்கி வந்துவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அது எனக்கு அப்போதே தெரியும்.

போன வருஷம் சேலத்தில் ஒரு டாக்டரிடம் ஒருவழியாகக் கூட்டிப்போனேன். அவர் வியாதியின் பெயரைச் சொன்னார். இனி திரும்பாது, மெதுவாக்கலாம், அதற்கும் முன்பே வந்திருக்க வேண்டும் என்றார். கண்ணாடியைப் பார்த்துப் பயந்தால் வீட்டில் கண்ணாடியை எடுத்துவிடுங்கள் என்றார். "சார், கண்ணாடி இல்லீங்க, அடுப்படிக் கதவு" என்று நான் சொன்னபோது அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். "பையன் இருக்கறாருங்களா?" என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். "அவருக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். டாக்டரிடமும் பொய்.

ஊருக்கு வந்ததும் பக்கத்துக் கொட்டச்சேடு கிராமத்திலிருந்து செல்வம் என்கிற தச்சரைக் கூப்பிட்டேன். அந்தக் கதவுகளைக் கழற்றிவிட்டு சில்வர் ஓக் மரத்தில் புதுக் கதவு போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கைப்பிடி வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க சார்?" என்று கேட்டார். ஏன் என்று சொன்னேன். வெளி ஆள் ஒருவரிடம் நான் முதன்முதலாக உண்மை சொன்னது அன்றைக்குத்தான். அவர் மூன்றாவது கதவைக் கழற்றிக் கீழே சாய்த்தபோது, "சார், இங்க வாங்க. அம்மா என்னமோ எழுதி வெச்சிருக்குது" என்றார். வெளிப்பக்கம்தான் அரக்குப் பளபளப்பு. உள்பக்கம் வெள்ளையாக, மங்கலாக இருக்கும். அந்த வெள்ளையில் பென்சிலால் எழுதியிருந்தாள். அவளுடைய அதே குண்டு எழுத்து. ஒரு கதவில் 'சர்க்கரை இங்கே'. இன்னொன்றில் 'உப்பு கீழே, நீல மூடி'. இன்னொன்றில் நம் வீட்டு விலாசம், என் பெயர், உன் பெயர், 'மருமகள் காவ்யா, நல்ல பெண்' என்று. அடுப்புக்குப் பக்கத்துக் கதவில் மட்டும் எழுத்து நடுங்கியிருந்தது. 'வெளியே தெரிவது நான்தான். பயப்படக் கூடாது. இவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்.'

செல்வம் படித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் அந்தக் கதவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். முந்நூறு பிள்ளைகளின் கணக்கை எழுதாமல் வைத்துக்கொண்டவள், தன் வீட்டுச் சர்க்கரையை எழுதி வைத்து, அதையும் நான் பார்த்துவிடக் கூடாது என்று கதவுக்கு உள்ளே எழுதியிருக்கிறாள். எத்தனை நாள் அவள் தனியாக இதோடு சண்டை போட்டாளோ, தெரியாது. நான் அதே அடுப்படியில் எத்தனை நாள் சமைத்திருப்பேன், கை டப்பாவைத் தேடுமே தவிரக் கண் கதவின் உள்பக்கம் போனதில்லை. வெளிப்பக்கத்தைத்தான் துடைத்தேன்.

மரக் கதவுகள் போட்டாயிற்று. உருண்டைக் கைப்பிடி, நீளக் கைப்பிடி, பித்தளையில் ஒன்று, கயிற்றில் ஒன்று. செல்வம் மனசு வைத்துச் செய்தார். அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் வாசலிலேயே செருப்பைத் தேடினாள், கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும் என்று. காலில் செருப்பே இல்லை. சுற்றிலும் பார்த்தாள். ஒரு கதவையும் தொடவில்லை. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கட்டுங்களா?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு அது யாரோ ஒருவர் வீடு. ஒரு வருஷம் முன்னால் அந்தக் கைகள் அந்தக் கதவுகளைத் தெரிந்துகொண்டிருக்கும். நான் போட்டபோது அந்தக் கைகளுக்கும் மறந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. பளபளப்பில் விரல்ரேகை படும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தில் ஈரம் ஏறும். வருஷம் ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும். பெங்களூரில் அவ்வளவு ஈரம் இல்லை. எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். என்னிடம் கேட்காதே. காவ்யாவிடம் கேள். அவள் ஒன்றைச் சொன்னால், ஏன் என்றும் கேள். அவள் சொல்கிற காரணம் உனக்குச் சிரிப்பாக இருந்தால் இன்னொரு தடவை கேள். உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இதைக்கூட நான் தெரிந்துகொண்டது உன் அம்மாவைத் தொலைத்த பிறகுதான்.

இன்னொன்று. இருவரும் வாருங்கள். என்னை மன்னிக்க வர வேண்டாம். அதை நான் கேட்கவில்லை. நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லப்போவதில்லை, அஞ்சு நிமிஷத்தில் சுடுதண்ணீர் வரும் என்று சொன்னவன்தான் நான், இனி சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு உன்னைத் தெரியாது. உன்னையும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவாள். 'நான் உங்க மகன்' என்று அவளிடம் வாதாடாதே. காவ்யா அரக்கு நிறம் கட்டாமல் வரட்டும். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் மதியம் சாப்பிட்டதும் ஒரு பையை எடுத்துக்கொண்டு அம்மா வாசலுக்கு வந்துவிடுகிறாள். "என் ஊட்டுக்குப் போகோணுங்க" என்பாள். இதுதான் உன் வீடு என்று சொன்னால் அழுகிறாள். அதனால் சரி, கொண்டுபோய் விடுகிறேன் என்று கூட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பக் கூட்டி வருவேன். வந்ததும், "வந்தாச்சுங்க" என்று தானாக உள்ளே போய்விடுவாள். நேற்றும் அப்படித்தான் போய் வந்தோம். மேகம் இறங்கியிருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கேட்டுக்கு வந்ததும் சட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "நொம்ப உபகாரமுங்க. அலைய வெச்சுட்டேன். நீங்க கெளம்புங்க, இருட்டறதுக்குள்ள போயிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். தட்டினேன். "யாருங்க?" என்றாள். நான்தான் என்றேன். "எங்க ஊட்டுக்காரரு இல்லைங்களே. லாட்ஜுக்குப் போயிருக்கறாரு. சாயங்காலமா வாங்க" என்றாள். குரலில் பயமே இல்லை. தன் வீட்டில் இருக்கிறவள் குரல்.

மறுபடி தட்ட எனக்குக் கை வரவில்லை. கேட்டுக்கு வெளியே கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். சாரல் விழுந்தது. போகிற ஜீப்காரர்கள் என்ன சார் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். உள்ளே விட மாட்டேன் என்கிறாள் என்று உள்ளதைச் சொன்னேன். ஐந்தரை மணி ஆனதும் எழுந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, வேலையிலிருந்து வருகிறவன் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினேன். திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பத்தான் ஒருத்தரு வந்து உங்களத் தேடிட்டுப் போனாருங்க. நல்ல மனுசன். பாவம், நொம்ப வயசாயிருச்சு" என்றாள்.

அப்பா